எக்ஸ்பாண்டர் கசிகிறதா? எந்தத் தண்ணீர் என்று முதலில் பார்க்க வேண்டும்

புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்த பிறகு அந்த இடத்தை மறுபடி அமைக்க வேண்டும். தீக்காயத்தில் முடி போன மண்டைப் பகுதியை முடியுள்ள தோலால் மூட வேண்டும். பிறக்கும்போதே முதுகில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் கரிய மச்சத்தை அகற்ற வேண்டும். மூன்றிலும் இடிக்கிற இடம் ஒன்றுதான்: தோல் போதாது. வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டலாம், ஆனால் நிறம் ஒத்துப்போகாது, தலையில் ஒட்டினால் முடி வளராது. அதனால்தான் பக்கத்திலேயே இருக்கும் நல்ல தோலை மெல்ல மெல்லப் பெருக்கிக்கொள்ளும் வழி வந்தது. தோலுக்கோ தசைக்கோ அடியில் ஒரு சிலிக்கோன் பையை வைத்துத் தைத்துவிட்டு, புண் ஆறியதும் வாராவாரம் ஊசி வழியே கொஞ்சம் கொஞ்சமாகச் சலைன் ஏற்றுவார்கள். பை பெருக்கப் பெருக்க மேலே இருக்கும் தோலும் பெருகும். கர்ப்பகாலத்தில் வயிற்றுத் தோல் பெருகுவதும் இதே வித்தைதான். சில மாதங்களில் பையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நிரந்தர இம்ப்ளாண்டை வைப்பார்கள், அல்லது பெருகிய தோலை நகர்த்திக் குறையுள்ள இடத்தை மூடுவார்கள். இந்தப் பைக்குத்தான் டிஷ்யூ எக்ஸ்பாண்டர் என்று பெயர்.

இதை உடம்பில் சுமப்பவர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வார்த்தை ஒன்று உண்டென்றால் அது 'லீக்'. "லீக் ஆகுது டாக்டர்" என்று ஒருவர் சொன்னால், அது குறைந்தபட்சம் மூன்று சங்கதிகளில் ஒன்றாக இருக்கலாம். பைக்குள் இருந்த சலைன் ஓட்டை வழியாக உடம்புக்குள் போய்க்கொண்டிருக்கலாம். பை நன்றாகவே இருக்க, உடம்பு சுரக்கும் நீர் பையைச் சுற்றித் தேங்கியிருக்கலாம். அப்படித் தேங்கிய நீர் தையல் வழியே வெளியே வந்துகொண்டிருக்கலாம். மூன்றுக்கும் பெயர் ஒன்று, ஆபத்து வேறு வேறு. அதைவிட முக்கியம், ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் கவனமில்லாமல் போனால் இன்னொன்றை உண்டாக்கிவிடும். ஆகவே எந்தத் தண்ணீர், எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பயப்படுவதிலும் அர்த்தமில்லை, நிம்மதியாக இருப்பதிலும் அர்த்தமில்லை.

பையும் அதன் வாசலும்

தோலைப் பலூன் வைத்துப் பெருக்கலாம் என்று முதலில் செய்துபார்த்தவர் சார்ல்ஸ் நியூமன். விபத்தில் காதை இழந்த ஒருவருக்குக் காதுக்குப் பின்புறத் தோலுக்கடியில் ரப்பர் பலூனை வைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாய் வழியாகக் காற்றடித்து விரித்தார். அதை அவர் எழுதியது 1957-இல். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1976-இல் செடோமிர் ரடோவன் சிலிக்கோன் பையோடு வந்தார். பையைப் போலவே ஊசி போடும் வாசலையும் தோலுக்குள்ளேயே புதைத்துவிட்டார். இன்று பயன்படும் எக்ஸ்பாண்டர்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். வெளியே தொங்கும் குழாய் கிருமிகளுக்கு நேர்வழி. அதை உள்ளே புதைத்ததால்தான் இந்த முறை மருத்துவமனைகளில் நிலைத்தது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு வாசலை மருத்துவர் தோலுக்கு மேலிருந்து ஒவ்வொரு முறையும் சரியாகக் குத்தியாக வேண்டும்.

அந்த வாசலைப் போர்ட் என்பார்கள். அது இரண்டு விதம். மார்பக எக்ஸ்பாண்டர்களில் பெரும்பாலும் போர்ட் பையின் முன்பக்கத்திலேயே பதித்திருக்கும். அதற்குள் சிறு காந்தம் இருக்கும். தலை, கழுத்து, கை, கால் என்று மற்ற இடங்களில் வைக்கும் பைகளுக்குப் பெரும்பாலும் போர்ட் தனியாக, ஒரு மெல்லிய குழாயின் நுனியில், பையிலிருந்து சற்றுத் தள்ளிப் புதைந்திருக்கும்.

காந்தமுள்ள போர்ட்டில் சலைன் ஏற்றும் நேரத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். தோலின் மேல் ஒரு சிறு கருவியை வைத்து நகர்த்துவார்கள். அதனுள் தொங்கும் காந்தம் போர்ட்டுக்கு நேர் மேலே வரும்போது செங்குத்தாக நிற்கும். அந்த இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு, கிருமிநாசினியால் துடைத்து, 21 கேஜ் அல்லது அதைவிட மெல்லிய ஊசியை நேராக இறக்குவார்கள். தோல், கொழுப்பு, போர்ட்டின் தடித்த சிலிக்கோன் மூடி என்று ஒவ்வொன்றாகத் தாண்டிய பிறகு ஊசிமுனை 'டிக்' என்று ஒரு உலோகத் தட்டில் இடிக்கும். அந்தத் தட்டு அங்கே இருப்பதே ஊசி பையின் பின்சுவரைத் துளைத்துவிடாமல் தடுக்கத்தான். இடித்தது தெரிந்ததும் லேசாக உறிஞ்சிப் பார்ப்பார்கள். தெளிந்த சலைன் திரும்பி வந்தால் ஊசி உள்ளேதான் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம்தான் ஏற்றுவது. மார்பகத்துக்கு ஒரு தடவைக்கு 50 முதல் 100 மில்லி வரை என்பது வழக்கம். தோல் வெளுத்துப்போனாலோ வலி பொறுக்க முடியாமல் போனாலோ அதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். ஊசியை உருவியதும் சிலிக்கோன் மூடி தானே மூடிக்கொள்ளும்.

ஏன் சலைன்? வெறும் சுத்திகரித்த தண்ணீர் ஏற்றினால் என்ன என்று கேட்கலாம். 0.9 சதவீத உப்பு உள்ள சலைனின் அடர்த்தி உடம்பின் திரவங்களோடு ஏறத்தாழ ஒத்துப்போகும். சிலிக்கோன் சுவர் வழியாக நீர் எந்தப் பக்கமும் இழுபடாது, பை கொஞ்சநஞ்சம் கூட வாடாது. ஒருவேளை உடைந்து கொட்டினாலும் உடம்பு அதை நரம்பில் ஏற்றிய டிரிப்ஸைப் போலவே உறிஞ்சிச் சிறுநீரில் அனுப்பிவிடும். சிலிக்கோன் ஜெல் நிரப்பிய நிரந்தர இம்ப்ளாண்ட் உடைவதையும் எக்ஸ்பாண்டரிலிருந்து சலைன் கசிவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. இங்கே ஜெல் கிடையாது. உள்ளே போவது சலைன் மட்டும்தான்.

ஓட்டை எப்படி விழுகிறது

பை தானாகவே பழுதாவதைவிட மனிதக் கையால் ஓட்டையாவதற்குத்தான் வாய்ப்புகள் அதிகம். பையை உள்ளே வைத்துவிட்டுத் தைக்கும்போது தையல் ஊசி உரசிவிடலாம். அறுவை அறையில் பையை வைக்கும் முன் அதில் கொஞ்சம் காற்றை நிரப்பிச் சலைன் பாத்திரத்தில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது இதனால்தான். ஆனால் அந்தச் சோதனை தைப்பதற்கு முன்னால் நடப்பது. தைக்கும்போது நேரும் சிராய்ப்பு அதில் பிடிபடாது. அடுத்து, சலைன் ஏற்றும்போது ஊசி போர்ட்டின் ஓரத்தைத் தாண்டி விழுவது. பருமனான உடலில், வீக்கம் இருக்கும் நாளில், போர்ட் சற்றே சாய்ந்திருக்கும்போது இது எளிதில் நேரும். சில தயாரிப்பாளர்கள் போர்ட்டைச் சுற்றி ஒரு வட்டத்துக்குத் தானே மூடிக்கொள்ளும் கூடுதல் அடுக்கைப் பதிக்கிறார்கள். ஓரத்தில் விழுந்த குத்தை அது மன்னித்துவிடும். வட்டத்துக்கு வெளியே விழுந்ததை மன்னிக்காது.

பையைத் தெரியாமல் குத்திவிடும் ஊசிகள் இன்னும் உண்டு. பையைச் சுற்றித் தேங்கிய நீரை எடுக்கப்போகும் ஊசி. அந்தப் பக்கம் ஏதாவது கட்டி இருக்கிறதா என்று பரிசோதனைக்குத் திசு எடுக்கும் ஊசி. மார்பில் பை இருப்பது தெரியாத வேறொரு மருத்துவர் வேறொரு காரணத்துக்காகப் போடும் ஊசி. கடைசியாகச் சொன்னதைத் தடுப்பது நோயாளி கையில் இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், என்ன வியாதிக்குப் போனாலும், "எனக்கு எக்ஸ்பாண்டர் இருக்கிறது" என்று முதலில் சொல்லிவிட வேண்டும். காந்தம் உள்ள பை என்றால் இது எம்.ஆர்.ஐ. விஷயத்திலும் அவசியம். பெரும்பாலான காந்தப் போர்ட் எக்ஸ்பாண்டர்களோடு எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் போகக் கூடாது. போர்ட் இழுபட்டுப் புரண்டுவிடலாம், சூடாகலாம், பை இடம் மாறலாம்.

மனிதக் கைக்கு வேலையில்லாத ஓட்டை என்றால் மடிப்பில் விழுவது. முழுதாக நிரம்பாத பையின் சுவர் உள்ளே எங்காவது மடிந்துதான் இருக்கும். மூச்சு விடும்போதும் கை தூக்கும்போதும் அந்த மடிப்பு அசைந்துகொண்டே இருக்கும். ஒரே கோட்டில் மறுபடி மறுபடி மடித்த காகிதம் அந்தக் கோட்டிலேயே கிழிவதைப் போல, சிலிக்கோனும் நாளடைவில் அங்கே மெலிந்து விரிசல் விடும். எக்ஸ்பாண்டர்களைத் தற்காலிகக் கருவி என்றே தயாரிப்பாளர்கள் விற்கிறார்கள். மார்பக எக்ஸ்பாண்டர்களுக்கு ஆறு மாதம் என்பது வழக்கமான எல்லை. ஆனால் நிஜவாழ்க்கையில் கீமோதெரபி, கதிர்வீச்சு, விடுப்பு, பணம், வீட்டுச் சூழல் என்று ஏதாவது குறுக்கே வந்து, ஒரு வருடம் தாண்டியும் பையைச் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். நாள் நீள நீள மடிப்புக்கும் அவகாசம் கூடுகிறது.

குழாய் வைத்த போர்ட்டில் வேறு சிக்கல்கள். குழாயும் பையும் சேரும் இடம் கழன்றால் ஏற்றிய அத்தனையும் வெளியேறும். குழாய் முறுக்கிக்கொண்டால் ஏற்றவே முடியாது, அது கசிவே இல்லை. போர்ட் தலைகீழாகப் புரண்டுவிட்டால் ஊசி அதன் உலோக அடிப்பாகத்தில் இடித்து நிற்கும், உள்ளே போகாது. எக்ஸ்ரே எடுத்தால் புரண்டது தெரிந்துவிடும். குழந்தைகளுக்குத் தலையில் வைத்த பை விழுந்து அடிபட்டு உடைவதும் உண்டு. ஓடி விளையாடும் வயதில் மண்டையில் ஒரு புடைப்போடு மாதக்கணக்கில் இருக்கச் சொல்வது லேசான காரியமா என்ன. கை கால்களில், அதிலும் முழங்காலுக்குக் கீழே, எக்ஸ்பாண்டருக்கு எல்லாச் சிக்கலும் அதிகம் என்பது அறுவை மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம்.

சலைன் போனால் உண்மையில் என்ன நஷ்டம்

பெரிய ஓட்டை என்றால் சில மணி நேரத்தில், அதிகபட்சம் ஓரிரு நாளில், மேடு தட்டையாகிவிடும். சந்தேகத்துக்கே இடமில்லை. தொந்தரவு கொடுப்பது ஊசிமுனை அளவு ஓட்டைதான். இந்த வாரம் ஏற்றியது அடுத்த வாரத்துக்குள் கொஞ்சம் குறைந்திருக்கும். கண்ணாடியில் பார்த்தால் போன வாரம் இருந்த இறுக்கம் இல்லை. உடுப்பு தளர்வாக இருக்கிறது. தோலில் அலையலையாகச் சுருக்கம் தெரிகிறது. ஏற்றிய இரண்டு மூன்று நாளில் இறுக்கம் தானாகத் தளர்வது எல்லாருக்கும் இயல்பு, ஏனென்றால் தோல் இழுவிசைக்கு இசைந்து கொடுக்கும். ஆனால் அப்போது மேட்டின் அளவு குறையாது. இறுக்கம் தளர்வது வேறு, உயரம் குறைவது வேறு. இந்த வித்தியாசத்தை நோயாளிகள் மருத்துவருக்கு முன்பே கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்பதுதான் உண்மை. தினமும் பார்க்கிற கண் அது.

கசிந்த சலைனால் உடம்புக்குப் பாதிப்பில்லை என்று பார்த்தோம். பிறகு என்ன நஷ்டம்? முதலில், தோல். விரிந்த தோலில் இரண்டு காரியம் நடந்திருக்கும். ஒரு பங்கு, வெறுமனே இழுபட்டு நீண்டது. இன்னொரு பங்கு, இழுவிசையைக் கண்ட செல்கள் பிரிந்து பெருகி உண்மையிலேயே புதிதாக உருவானது. பை திடீரென்று வற்றினால் இழுபட்ட பங்கு சில நாள்களிலேயே பின்வாங்கத் தொடங்கும். பையைச் சுற்றி உடம்பு கட்டியிருக்கும் நார்த்திசு உறையும் சுருங்க ஆரம்பிக்கும். வாராவாரம் வலியோடு சம்பாதித்த இடம் கண்முன்னே கரைவதைத்தான் நோயாளிகளால் தாங்க முடிவதில்லை. அதில் மிகையொன்றும் இல்லை.

அடுத்தது, கதிர்வீச்சு சிகிச்சை. மார்பகப் புற்றுநோயில் பலருக்கு எக்ஸ்பாண்டர் உள்ளே இருக்கும்போதே கதிர்வீச்சு கொடுக்க வேண்டியிருக்கும். சி.டி. ஸ்கேன் எடுத்து, மார்பின் அன்றைய வடிவத்தை வைத்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு டோஸ் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். அதனால் அந்த வாரங்களில் சலைன் ஏற்றுவதையும் நிறுத்திவைப்பார்கள். நடுவில் பை கசிந்து வடிவம் மாறினால் போட்ட கணக்கு பொருந்தாமல் போய்விடும். இதயமும் நுரையீரலும் பக்கத்தில் இருக்கும் இடத்தில் அதைச் சாதாரணமாக விட முடியாது. மறுபடி ஸ்கேன், மறுபடி திட்டம். எக்ஸ்பாண்டர் வைத்த மருத்துவரும் கதிர்வீச்சு மருத்துவரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாத இடங்களில் இது கவனிக்கப்படாமலே போகக்கூடும் என்பது என் கவலை. கதிர்வீச்சு நடக்கும் நாள்களில் மார்பின் அளவு மாறியதாகத் தோன்றினால் இருவரிடமும் சொல்லிவிடுவது நல்லது.

மூன்றாவது, கிருமி. பைக்குள் இருப்பது கிருமியற்ற சலைன்தான், ஆனால் ஒவ்வொரு ஊசியும் தோலைத் துளைத்துக்கொண்டே உள்ளே போகிறது. நிரந்தரச் சலைன் இம்ப்ளாண்ட்களின் உள்ளே பூஞ்சை வளர்ந்திருந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. எக்ஸ்பாண்டரில் இது அபூர்வம். ஆனாலும் உறிஞ்சி எடுத்த சலைன் கலங்கலாகவோ துகள்களோடோ இருந்தால் அதைச் சும்மா கொட்டிவிடாமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

உடம்பு சுரக்கும் நீர்

இப்போது இரண்டாவது தண்ணீர். திசுவை இவ்வளவு பரப்பில் பிரித்து நடுவில் ஒரு அந்நியப் பொருளை வைத்தால், அந்த இடைவெளியில் உடம்பு நீர் சுரக்கத்தான் செய்யும். வைக்கோல் நிறத்தில், தெளிவாக இருக்கும் அந்த நீர் தேங்கினால் அதற்குச் சீரோமா என்று பெயர். அறுவை முடிந்ததும் பக்கவாட்டில் ட்ரெயின் குழாய் வைப்பது அதை வெளியேற்றத்தான். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்து, அடுத்தடுத்த நாளும் அப்படியே இருந்தால் குழாயை எடுப்பது பல இடங்களில் உள்ள வழக்கம். சீக்கிரம் எடுத்தால் நீர் தேங்கும். தாமதித்தால் குழாய் வழியே கிருமி ஏறும். இந்த இழுபறிக்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரு தேதி கிடையாது.

சீரோமாவும் சலைன் கசிவும் கண்ணாடியில் எதிரெதிராகத் தெரியும். கசிந்தால் மேடு குறையும். சீரோமா வந்தால் மேடு கூடும், தளும்பும், விரலால் தட்டினால் அலை ஓடும். ஆனால் இரண்டும் சேர்ந்து வந்தால்? பை வற்றிக்கொண்டிருக்க, காலியான இடத்தைச் சீரோமா நிரப்பிக்கொண்டிருந்தால் வெளியிலிருந்து எந்த மாற்றமும் தெரியாது. இது நடக்கக்கூடியதுதான். அதனால்தான் அளவைக் கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது.

சீரோமாவை எடுக்க ஊசி போட வேண்டும், அந்த ஊசியே பையைக் குத்திவிடலாம் என்பதுதான் இங்கே இருக்கும் கண்ணி. அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசிமுனையைப் பார்த்துக்கொண்டே, பைச்சுவருக்கு இணையாகச் சாய்த்து, முடிந்தால் முனை மழுங்கிய குழலைப் பயன்படுத்தி எடுப்பார்கள். இதற்கென்றே இரண்டு போர்ட் வைத்த எக்ஸ்பாண்டர்களும் வந்திருக்கின்றன. ஒன்று பைக்குள் சலைன் ஏற்ற, மற்றொன்று பைக்கு வெளியே சேர்ந்த நீரை உறிஞ்ச. நல்ல யோசனைதான், ஆனால் எந்தப் போர்ட் எது என்பதைக் குத்துகிறவர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். மாறிப்போனால் சலைன் பைக்கு வெளியே போய்ச் சேரும்.

மூன்றாவது வகை, தையல் வழியே வெளியே நீர் வருவது. ஆடை நனையும் அளவுக்கு வெளியே வந்தால் பை உடைந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் பை உடைந்தால் சலைன் பெரும்பாலும் உள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும், வெளியே வராது. வெளியே வருவது அநேகமாகச் சீரோமாதான். கேட்கச் சிறிய விஷயமாகத் தோன்றும் இதுதான் மூன்றிலும் அவசரமானது. தண்ணீர் வெளியே வர ஒரு பாதை இருக்கிறதென்றால், அதே பாதையில் கிருமி உள்ளே போகவும் முடியும். தோலில் சாதாரணமாகக் குடியிருக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் வகைக் கிருமிகள் சிலிக்கோனின் மேல் ஒட்டிக்கொண்டு மெல்லிய படலமாகப் படர்ந்துவிட்டால், ஆன்டிபயாட்டிக் அந்தப் படலத்துக்குள் சரியாக ஊடுருவாது. அப்புறம் பையையே எடுக்க வேண்டிவரும். எடுத்த பிறகு திசு தெளிய மாதக்கணக்கில் காத்திருந்துதான் மறுபடி முதலிலிருந்து. ஊசி போட்ட இடத்தில் ஓரிரு சொட்டு அன்றைக்கே வந்து நின்றுவிட்டால் அது கணக்கில் இல்லை. தையலில் ஈரம் தொடர்ந்து இருந்தாலோ, சிவப்பு, சூடு, காய்ச்சல், நாற்றம், கலங்கிய நீர் என்று எது சேர்ந்தாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் எப்படியும் போகப்போகிறோமே என்று தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை.

பல ஆண்டுகள் கழித்து நிரந்தர இம்ப்ளாண்டைச் சுற்றித் திடீரென நீர் சேர்ந்தால் அது வேறு கதை. சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்ப்ளாண்ட்களோடு தொடர்புடைய லிம்ஃபோமா என்ற ஒரு அரிய நிணநீர்ப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டுகிறது. அதனால் அந்த நீரில் உள்ள செல்களின் மேல் சி.டி.30 என்ற புரதம் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். அலர்கன் நிறுவனம் 2019 ஜூலையில் தன் பயோசெல் வகைப் பொருள்களை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது இதன் காரணமாகத்தான். அந்தப் பட்டியலில் அதே மேற்பரப்புள்ள எக்ஸ்பாண்டர்களும் இருந்தன.

கண்டுபிடிப்பது, சரிசெய்வது

சலைன் கசிகிறதா என்று பார்க்க முதல் சோதனைக்கு இயந்திரமே தேவையில்லை, ஒழுங்காக எழுதிய நோட்டு போதும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஏற்றினார்கள், மொத்தம் எவ்வளவு என்று பதிவு இருக்கும். போர்ட்டில் ஊசி போட்டு உள்ளே இருப்பதை முழுக்க உறிஞ்சி அளந்து பார்த்தால், பதிவில் 400 மில்லி என்றிருக்கும் இடத்தில் 250 மட்டும் வந்தால் விஷயம் முடிந்தது. சந்தேகம் தீராவிட்டால் அளந்து ஏற்றிவிட்டுச் சில நாள் கழித்து மறுபடி அளப்பார்கள். நோயாளியும் தன் பங்குக்கு ஒரு தாளில் இந்த எண்களைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரி மாறினாலும் அந்தத் தாள் கூடவே வரும். அல்ட்ராசவுண்டில் பைச்சுவரின் மடிப்பும் வெளியே சேர்ந்த நீரும் தெரியும்.

சில மருத்துவர்கள் சலைனில் மெத்திலீன் புளூ சாயத்தைக் கொஞ்சம் கலப்பதுண்டு. உறிஞ்சும்போது நீலமாக வந்தால் ஊசி பைக்குள்தான் இருக்கிறது. சீரோமா நீரில் நீலம் தெரிந்தால் பையில் ஓட்டை. உடம்புக்குள் கசிந்தால் சிறுநீர் நீலப்பச்சையாகப் போய் நோயாளியைப் பதறவைக்கும். கேட்க நேர்த்தியாக இருந்தாலும் இதை எல்லாருக்கும் செய்துவிட முடியாது. மெத்திலீன் புளூ சில மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் மூளையில் செரொடோனின் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறி ஆபத்தாகலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-இல் எச்சரித்தது. மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் உடல் திடீரெனச் சூடேறும் தொந்தரவுக்கு அதே வகை மாத்திரைகளைத் தருவதுண்டு என்பதால் இது வெறும் ஏட்டு எச்சரிக்கை இல்லை. ஜி6பிடி என்சைம் குறைபாடு உள்ளவர்களுக்கும் அந்தச் சாயம் ஆகாது, ரத்தச் சிவப்பணுக்கள் சிதையலாம்.

ஓட்டை உறுதியானால் உடம்புக்குள்ளேயே ஒட்டுப்போட வழியில்லை. பையை மாற்றத்தான் வேண்டும். எப்போது என்பதில்தான் மருத்துவரின் திறமை இருக்கிறது. தோல் போதிய அளவு விரிந்துவிட்டிருந்தால் காத்திருக்கக் காரணமில்லை, நேரே அடுத்த அறுவைக்குப் போய் நிரந்தர இம்ப்ளாண்டை வைத்துவிடலாம். இன்னும் பாதி வழிதான் என்றால், உறை சுருங்கும் முன் புதிய எக்ஸ்பாண்டரை அதே இடத்தில் வைப்பார்கள். நடுவில் கீமோதெரபி ஓடிக்கொண்டிருந்தால்? வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் அவசரமில்லாத அறுவைக்கு யாரும் துணியமாட்டார்கள். கசிவு மெதுவாக இருந்தால் அப்போது ஒரு சாமர்த்தியமான வழி உண்டு. வாரம் ஒருமுறை ஏற்றுவதற்குப் பதில் அடிக்கடி ஏற்றி, கசியும் வேகத்தைவிட ஏற்றும் வேகத்தைக் கூட வைத்துக்கொண்டு கீமோ முடியும்வரை ஓட்டிவிடுவார்கள். கசிவது சலைன், உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும், தொற்று இல்லை என்றால்தான் இந்த வழி. தொற்று இருக்கும் இடத்தில் ஓட்டைப் பையை வைத்துக்கொண்டு நாள் கடத்துவது தப்பு.

கசியாத பை உண்டா

ஊசியே வேண்டாம், பை தானாகப் பெருகட்டும் என்று யோசித்தவர்கள் இருக்கிறார்கள். எரிக் ஆஸ்டட் 1980-களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய எக்ஸ்பாண்டருக்குள் அடர்ந்த உப்புக் கரைசல் இருந்தது. சவ்வூடுபரவல் வழியாக உடம்பின் நீரை அதுவே இழுத்துக்கொண்டு பெருகும். போர்ட் இல்லை, குத்து இல்லை. ஆனால் அந்தப் பை கசிந்தால் வெளியேறுவது உடம்போடு ஒத்துப்போகும் சலைன் இல்லை, திசுவையே புண்ணாக்கிவிடும் அடர்ந்த உப்பு. அந்த வடிவம் நிலைக்கவில்லை.

இன்னொரு பக்கம், காற்று. 2016 டிசம்பரில் எஃப்.டி.ஏ. அனுமதித்த ஏரோஃபார்ம் என்ற எக்ஸ்பாண்டருக்குள் அழுத்தி அடைத்த கார்பன் டை ஆக்சைடு குப்பி இருந்தது. நோயாளியே கையிலிருக்கும் ரிமோட்டை அழுத்தி வீட்டிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக விரித்துக்கொள்ளலாம். வாயு சிலிக்கோன் வழியே தானாகக் கசிந்துவிடும் என்பதால் அதைத் தடுக்க உள்ளே தனி அடுக்கு வைக்க வேண்டியிருந்தது. விமானத்தில் மேலே போனால் வாயு விரியும் என்ற தொல்லையும் இருந்தது. நோயாளிகளுக்குப் பிடித்திருந்தாலும் அதைச் செய்த நிறுவனம் 2019-இல் மூடப்பட்டது.

ஆஸ்டடின் யோசனை வேறு உருவத்தில் 1990-களில் திரும்பி வந்தது. இப்போது பையில் கரைசல் இல்லை, திடமான ஹைட்ரோஜெல் துண்டு. உடம்பின் நீரை மெல்ல உறிஞ்சிப் பல மடங்கு பெருக்கும். உறிஞ்சிய நீர் ஜெல்லுக்குள்ளேயே பிடிபட்டிருப்பதால் கசிய ஒன்றுமில்லை. கண்ணில்லாமல் பிறந்த குழந்தைகளின் கண்குழியை வளர்ப்பதிலும் பல் இம்ப்ளாண்டுக்கு முன் ஈறைப் பெருக்குவதிலும், சின்ன இடங்களில், இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஒருமுறை வைத்துவிட்டால் பெருகும் வேகத்தில் யாரும் கைவைக்க முடியாது. மேலே தோல் வெளுத்து, இறுகி, கிழியப்போகிறது என்றால் சலைன் பையில் ஊசி போட்டு 30 மில்லியை வெளியே எடுத்துவிடலாம், அந்தக் கணமே இறுக்கம் தளரும். ஹைட்ரோஜெல்லில் அது நடக்காது. மறுபடி கீறி, துண்டையே வெளியே எடுத்தாக வேண்டும். மார்பகம் போன்ற பெரிய, கதிர்வீச்சும் கீமோவும் குறுக்கிடும் இடங்களில் மருத்துவர்கள் போர்ட் வைத்த சலைன் பையையே இன்னும் கையில் எடுப்பது இதனால்தான்.